டெப் பேக்கேஜ் ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டெபியன், உபுண்டு பேக்கேஜ் ஒன்றுக்குள் நான்கு ஸ்கிரிப்டுகள் வரை இருக்கலாம்: ப்ரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட் (நிறுவலுக்கு முன்னும் பின்னும்), ப்ரீஆர்எம், போஸ்ட்ஆர்எம் (நீக்கலுக்கு முன்னும் பின்னும்). நான்கும் ரூட் உரிமையோடு ஓடும். எழுதியவர் பார்த்தே இராத மெஷின்களில், அவர் நினைத்துப் பார்க்காத நிலையில் ஓடும். இவற்றில் வரும் பிழைகளில் பெரும்பகுதி ஷெல் தெரியாததால் வருவதில்லை. ஸ்கிரிப்ட் எந்த நேரத்தில், எந்தப் பதிப்பிலிருந்து, எந்த வாதத்தோடு (ஆர்க்யுமென்ட்) கூப்பிடப்படுகிறது என்பதைக் கவனிக்காததால்தான் வருகிறது.

இங்கே எல்லா உதாரணத்துக்கும் 'அஞ்சல்டி' என்ற கற்பனை சர்வீஸை வைத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் வழக்கமான எழுத்திலேயே அடியுங்கள்.

எந்தப் பிழையானாலும் முதலில் பார்க்க வேண்டியது

மேம்படுத்தலில் நடக்கும் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய பதிப்பின் ப்ரீஆர்எம் ஓடும். அதற்கு 'அப்கிரேட்' என்ற சொல்லும் புதிய பதிப்பெண்ணும் போகும். அடுத்தது புதிய பதிப்பின் ப்ரீஇன்ஸ்ட். அதற்கு 'அப்கிரேட்', பழைய பதிப்பெண். பிறகு ஃபைல்கள் விரிக்கப்படும். அதற்குப் பிறகு பழைய போஸ்ட்ஆர்எம், 'அப்கிரேட்' என்ற சொல்லோடு. கடைசியில் புதிய போஸ்ட்இன்ஸ்ட், 'கான்ஃபிகர்' என்ற சொல்லும் கடைசியாக வெற்றிகரமாக அமைக்கப்பட்ட பதிப்பெண்ணும் பெற்று ஓடும். ஆக ஐந்து படிகளில் இரண்டில் ஓடுவது ஏற்கெனவே பயனரின் டிஸ்கில் கிடக்கும் பழைய ஸ்கிரிப்ட். நீங்கள் இன்று திருத்திய ஃபைல் அந்த இரண்டு படிகளையும் தொடாது.

எது ஓடியது என்று தெரிய, பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் டிபிகேஜி கட்டளையோடு '-டி2' என்ற டீபக் தேர்வைச் சேர்த்து அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்கிரிப்டும் அழைக்கப்படும்போது அதன் பெயரும் வாதங்களும் திரையில் வரும். ஏற்கெனவே நடந்து முடிந்ததென்றால் /வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக் ஃபைலில் ஸ்கிரிப்ட் அச்சிட்டது இருக்கும். /வார்/லாக்/டிபிகேஜி.லாக் ஃபைலில் நிலை மாற்றங்கள் நேரத்தோடு இருக்கும்.

எந்த வரியில் விழுந்தது என்று தெரியவில்லையா? நிறுவப்பட்ட ஸ்கிரிப்ட் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ டைரக்டரியில் அஞ்சல்டி.போஸ்ட்இன்ஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது. இரண்டாவது வரியில், ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் அச்சிடவைக்கும் 'செட் -எக்ஸ்' சேர்த்து, 'டிபிகேஜி --கான்ஃபிகர் அஞ்சல்டி' ஓட்டுங்கள். ஸ்கிரிப்டை நேரடியாகக் கையால் ஓட்டிப் பார்ப்பது பாதி உண்மையைத்தான் காட்டும். டிபிகேஜி அமைத்துத் தரும் சூழல் மாறிகள் அப்போது இருக்காது. இந்த ஸ்கிரிப்டுகளுக்கு உதவும் டிபிகேஜி-மெயின்ட்ஸ்கிரிப்ட்-ஹெல்பர் கருவி அவை இல்லாமல் ஓட மறுக்கும்.

வெறும் எண் மட்டும் வருகிறது: 'எக்சிட் ஸ்டேட்டஸ்' 1, 2, 10, 127

எண் ஒரு நல்ல துப்பு. 127 என்றால் ஷெல்லுக்குக் கட்டளை கிடைக்கவில்லை. டிபெண்ட்ஸ் (இந்தப் பேக்கேஜுக்குத் தேவையான மற்றப் பேக்கேஜ்கள்) பட்டியலில் அந்தக் கட்டளை உள்ள பேக்கேஜ் இல்லை, அல்லது ஸ்கிரிப்ட் ஓடும் கட்டத்தில் அது இன்னும் தயாராகவில்லை. போஸ்ட்இன்ஸ்ட் ஓடும்போது டிபெண்ட்ஸ் எல்லாம் அமைந்திருக்கும் என்று நம்பலாம். ப்ரீஇன்ஸ்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதற்கு, முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லும் ப்ரீ-டிபெண்ட்ஸ் வேண்டும், அதையும் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

10 என்றால் பெரும்பாலும் டெப்கான்ஃப், அதாவது நிறுவும்போது பயனரிடம் கேள்வி கேட்கும் அமைப்பு. 'டிபி_கெட்' கேட்ட கேள்வி, கேள்விகளை எழுதிவைக்கும் டெம்ப்ளேட்டில் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம், டெம்ப்ளேட்ஸ் ஃபைல் பேக்கேஜுக்குள் போகாமலும் இருக்கலாம். 30 வந்தால், 'டிபி_இன்புட்' கேட்ட கேள்வி முன்னுரிமை குறைவால் காட்டப்படவில்லை என்று பொருள். அது பிழையே இல்லை, ஆனால் 'செட் -ஈ' (ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் அமைப்பு) இருந்தால் ஸ்கிரிப்ட் செத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு 'டிபி_இன்புட்' வரிக்குப் பின்னாலும் '|| ட்ரூ' போடுகிறார்கள்.

2 வந்து, கூடவே 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்றும் வந்தால் முதல் வரியில் '#!' இல்லை, அல்லது அதற்கு முன்னால் வெற்று வரியோ பிஓஎம் குறியோ (சில எடிட்டர்கள் ஃபைலின் தொடக்கத்தில் வைக்கும் மறை குறி) இருக்கிறது. '#!' சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்கிறதா? விண்டோஸில் சேமித்த வரி முடிவு காரணம். கெர்னல் தேடுவது வரி முடிவில் ஒட்டிக்கொண்ட ஒரு மறை எழுத்தோடு சேர்ந்த ஷெல் பெயரை. 'ஃபைல்' கட்டளையை ஸ்கிரிப்டின் மேல் ஓட்டினால் சிஆர்எல்எஃப் என்று சொல்லிவிடும்.

1 மட்டும் வந்தால் 'செட் -எக்ஸ்' தான் வழி. ஒன்று மட்டும் சொல்லிவைக்கலாம்: /பின்/எஸ்ஹெச் என்பது டெபியனில் பாஷ் இல்லை, டாஷ். இரட்டைச் சதுர அடைப்பு டாஷுக்குத் தெரியாது. 'இஃப்' நிபந்தனைக்குள் அது இருந்தால் ஸ்கிரிப்ட் விழக்கூடச் செய்யாது; 'நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி முனகிவிட்டு, நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். இது விழுவதைவிட மோசம். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் உள்ள செக்பாஷிசம்ஸ் கருவியை ஒவ்வொரு ஸ்கிரிப்ட் மேலும் ஓட்டுங்கள்.

மேம்படுத்தல் ஓடுகிறது, புது நிறுவல் மட்டும் விழுகிறது

எழுதியவர் மெஷினில் எப்போதும் பழைய பதிப்பு இருக்கும். அதனால் இந்தப் பிழை அவர் கண்ணில் படாது. இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இந்த மாதிரி ஒரு வரி:

[ -என் "$2" ] && பழைய_டேட்டாவை_மாற்று

$2 என்பது இரண்டாவது வாதம், இங்கே பழைய பதிப்பெண். மேம்படுத்தலில் அது இருக்கும், எல்லாம் சரி. புது நிறுவலில் $2 காலி. சோதனை 1 தரும். '&&' சங்கிலியின் இடையில் தோற்றதை 'செட் -ஈ' மன்னித்துவிடும். ஆனால் இந்த வரி ஸ்கிரிப்டின் கடைசி வரியாக இருந்தால் ஸ்கிரிப்டின் விடையே 1 ஆகிவிடும். ஒரு ஃபங்ஷனின் கடைசி வரியாக இருந்தால் ஃபங்ஷன் 1 தரும், அதைக் கூப்பிட்ட வரியில் 'செட் -ஈ' வெட்டும். திரையில் காரணமே தெரியாது, ஏனென்றால் எந்தக் கட்டளையும் ஒன்றும் அச்சிடவில்லை. 'இஃப் ... ஃபி' என்று முழுதாக எழுதுங்கள். மூன்று வரி கூடினால் கூடட்டும்.

இரண்டாவது, பதிப்பு ஒப்பிடுதல். 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ் "$2" எல்டி 2.0-1~' என்று எழுதினால், காலியான பதிப்பு எந்தப் பதிப்பையும்விடப் பழையது என்று டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். ஆகவே புது நிறுவலிலும் 2.0-க்கு முந்தைய டேட்டாவை மாற்றும் வேலை ஓடும். இல்லாத டேட்டாபேஸைத் தேடி விழும். 'எல்டி' இருக்கும் இடத்தில் 'எல்டி-என்எல்' போடுங்கள். அது காலியை எல்லாவற்றுக்கும் பிந்தையதாகக் கொள்ளும், அந்தக் கிளைக்குள் நுழையாது.

கடைசியில் இருக்கும் '~' குறியை விட்டுவிடாதீர்கள். பேக்போர்ட் (பழைய டெபியனுக்காகத் திரும்பக் கட்டிய) பதிப்பு 2.0-1~பிபிஓ12+1 என்பது 2.0-1-ஐவிடக் குறைவு. '~' இல்லாமல் ஒப்பிட்டால், ஏற்கெனவே மாற்றப்பட்ட பேக்போர்ட் பயனரின் டேட்டா இன்னொரு முறை மாற்றப்படும். பதிப்பெண்களை ஷெல் சரமாக ஒப்பிடவே வேண்டாம், அங்கே 1.10 என்பது 1.9-க்கு முன்னால் வரும்.

முதல் தடவை ஒரு பிழை, திரும்ப ஓட்டினால் வேறு பிழை

முதல் பிழையின் காரணத்தைச் சரிசெய்த பிறகும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' விழுகிறது என்றால், ஸ்கிரிப்ட் இரண்டாவது முறை ஓடத் தகுதியில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. போஸ்ட்இன்ஸ்ட் நடுவில் செத்தால் பேக்கேஜ் 'ஹாஃப்-கான்ஃபிகர்ட்' நிலையில் நிற்கும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் இரண்டாவது எழுத்தாக பெரிய 'எஃப்' தெரியும். அடுத்த முறை ஸ்கிரிப்ட் முதல் வரியிலிருந்தேதான் தொடங்கும்.

அடிக்கடி மாட்டுவது 'யூசர்ஆட்'. பயனர் ஏற்கெனவே இருந்தால் அது 9 தந்து நிற்கும். 'ஆட்யூசர் --சிஸ்டம்' அப்படியில்லை. அதே சிஸ்டம் பயனர் இருந்தால் பேசாமல் 0 தரும். 'எம்கேடிர்' உடன் '-பி', 'எல்என்' உடன் '-எஸ்எஃப்', 'ஆர்எம்' உடன் '-எஃப்' என்று பழகிக்கொள்ளுங்கள். கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் '>>' போட்டு வரி சேர்ப்பதை அறவே விடுங்கள். மூன்று முறை ஓடினால் மூன்று வரி.

டேட்டாபேஸ் மாற்றம் போன்ற பெரிய வேலையென்றால், புதியதைத் தற்காலிகப் பெயரில் உருவாக்கி, முடிந்ததும் 'எம்வி' மூலம் பெயர் மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழையது அப்படியே இருக்கும்.

எதுவும் வரவில்லை, அப்படியே நிற்கிறது

எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிடம் நின்று பிழையோடு திரும்பினால் அது சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. சர்வீஸ் தயாராகிவிட்டதாகச் சொல்லக் காத்திருந்து, இயல்பான 90 நொடி கெடு முடிந்து கைவிட்டிருக்கிறது. ஸ்கிரிப்டை விட்டுவிட்டு 'ஜர்னல்சிடிஎல் -யு அஞ்சல்டி' பாருங்கள்.

முடிவே இல்லாமல் நின்றால் டெப்கான்ஃபைச் சந்தேகப்படுங்கள். இன்னொரு டெர்மினலில் 'பிஎஸ் ஏஎக்ஸ்எஃப்' அடித்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும்: பெர்லில் ஓடும் டெப்கான்ஃப் ஃப்ரன்ட்எண்ட் (கேள்விகளைத் திரையில் காட்டும் ப்ரோகிராம்) உயிரோடு இருக்கும், அதன் கீழே அஞ்சல்டி.போஸ்ட்இன்ஸ்ட் 'டிஃபங்க்ட்' என்று இருக்கும். அதாவது ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, ஃப்ரன்ட்எண்ட் இன்னும் காத்திருக்கிறது.

காரணம் இது. டெப்கான்ஃபோடு பேசவைக்கும் கான்ஃப்மாட்யூல் என்ற ஷெல் ஃபைலைச் சேர்த்தவுடன் ஸ்கிரிப்டின் அசல் வெளியீடு ஃபைல் டிஸ்கிரிப்டர் 3-க்கு மாற்றப்படும். அது ஃப்ரன்ட்எண்டுக்குப் போகும் பைப். ஸ்கிரிப்ட் நேரடியாகத் தொடங்கிய டீமன் (பின்னணியில் ஓடும் ப்ரோகிராம்) அந்த 3-ஐயும் சுமந்துகொண்டு பின்னணிக்குப் போய்விட்டது. பைப்பின் எழுதும் முனை திறந்திருக்கும் வரை ஃப்ரன்ட்எண்டுக்கு முடிவு தெரியாது. /ப்ராக்/எண்/எஃப்டி டைரக்டரியில் டீமனுடைய 3 ஒரு பைப்பைக் காட்டினால் உறுதி. தீர்வு ஒற்றை வரி: டீமனைத் தொடங்குவதற்கு முன் 'டிபி_ஸ்டாப்'.

இதே இடத்தில் இன்னொன்று. கான்ஃப்மாட்யூல் சேர்க்கப்படும் கணத்தில் ஸ்கிரிப்ட் ஃப்ரன்ட்எண்டின் கீழ் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அந்த வரிக்கு மேலே நீங்கள் எழுதியதெல்லாம் இரண்டு முறை ஓடும். 'செட் -ஈ'க்கு அடுத்த வரியிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.

மேம்படுத்தல் பழைய ப்ரீஆர்எம்மில் விழுகிறது

எழுதுபவர்களை அதிகம் கலங்கவைப்பது இதுதான். 1.2-1 வெளியிட்டாயிற்று, அதன் ப்ரீஆர்எம்மில் பிழை. 1.3-1-இல் திருத்திவிட்டீர்கள். ஆனாலும் மேம்படுத்தும்போது ஓடுவது 1.2-1-இன் ப்ரீஆர்எம், அது விழுகிறது.

டிபிகேஜி இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. பழைய ப்ரீஆர்எம் தோற்றால், புதிய பேக்கேஜின் ப்ரீஆர்எம்மை 'ஃபெயில்ட்-அப்கிரேட்' என்ற சொல்லோடும் பழைய பதிப்பெண்ணோடும் கூப்பிடும். அது 0 தந்தால் மேம்படுத்தல் தொடரும். ஆகவே 1.3-1-இன் ப்ரீஆர்எம்மில் அந்தச் சொல்லுக்கு ஒரு கிளை எழுதி, $2 பிழையுள்ள பதிப்புதானா என்று பார்த்து, பழையது செய்யாமல் விட்ட வேலையைச் செய்து, 0 தாருங்கள். எல்லாப் பதிப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0 தருவது வேண்டாம். நாளை வரும் உண்மையான தோல்வியையும் அது விழுங்கிவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பிழையுள்ள ப்ரீஆர்எம் இனி தேவையில்லை என்று புதிய பதிப்பில் அதை அடியோடு நீக்கிவிட்டால், கூப்பிடப் புதிய ஸ்கிரிப்ட் இருக்காது. டிபிகேஜி அதையே சொல்லிக் கைவிட்டுவிடும். ஸ்கிரிப்டில் செய்ய ஒன்றுமில்லை என்றாலும் அந்தக் கிளைக்காக அது இருந்தாக வேண்டும்.

நீக்கலில் இந்தக் கதவு கிடையாது. 'ரிமூவ்' சொல்லோடு ப்ரீஆர்எம் தோற்றால் டிபிகேஜி போஸ்ட்இன்ஸ்டை 'அபார்ட்-ரிமூவ்' என்று கூப்பிட்டுப் பேக்கேஜைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். பயனருக்குச் சொல்ல வேண்டிய வழி: முதலில் 1.3-1-க்கு மேம்படுத்துங்கள், பிறகு நீக்குங்கள். அதுவும் முடியாதபோது இன்ஃபோ டைரக்டரியில் உள்ள ப்ரீஆர்எம்மைத் திறந்து, விழும் அந்த ஒரு வரியை மட்டும் கமெண்ட் ஆக்குங்கள். இணையத்தில் எங்கும் சொல்லப்படுகிற 'மேலே எக்சிட் 0 போடு' என்ற வைத்தியம், சர்வீஸை நிறுத்தாமலே ஃபைல்களை அழிக்கவைக்கும்.

பிழை எதுவும் இல்லை, ஆனால் சர்வீஸ் ஓடவில்லை

கையால் எழுதிய போஸ்ட்இன்ஸ்டில் '#டெப்ஹெல்பர்#' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸை இயக்கும் துண்டை பில்ட் நேரத்தில், பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவித்தொகுப்பு அந்த இடத்தில்தான் செருகும். வரி இல்லையென்றால் துண்டும் இல்லை. வரி இருந்தும் அதற்கு மேலே ஒரு 'எக்சிட் 0' இருந்தால் அதே கதிதான். 'டிபிகேஜி-டெப் -ஈ' மூலம் பில்ட் ஆன பேக்கேஜின் ஸ்கிரிப்டை வெளியே எடுத்துப் படியுங்கள். மூல ஃபைலைப் பார்த்துப் பயனில்லை.

கன்டெய்னருக்குள் மட்டும் தொடங்கவில்லையா? பெரும்பாலான இமேஜ்களில் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பாலிசி-ஆர்சி.டி என்ற சிறு ஸ்கிரிப்ட் இருந்து 101 தரும். எந்தச் சர்வீஸையும் தொடங்காதே என்று அதற்குப் பொருள். அது பிழையன்று. ஆனால் நீங்கள் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' என்று நேரடியாக எழுதியிருந்தால், சிஸ்டம்டி இல்லாத இடத்தில் நிறுவலே விழும். டெப்ஹெல்பரின் டிஹெச்_இன்ஸ்டால்சிஸ்டம்டி உருவாக்கும் துண்டு இந்த இரண்டையும் கவனித்துக்கொள்கிறது. நிர்வாகி வேண்டுமென்றே முடக்கிவைத்த சர்வீஸை மேம்படுத்தலில் திரும்ப முடுக்கிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. கையால் 'எனேபிள்' எழுதுபவர்கள் இந்த மரியாதையைத் தவறாமல் மறக்கிறார்கள்.

பயனர் தொடாத கான்ஃபிக் ஃபைலுக்கு, மாற்றியிருக்கிறீர்களே என்று கேட்கிறது

/ஈடிசி கீழ் பேக்கேஜோடு வரும் ஃபைலை டெப்ஹெல்பர் தானாகவே கான்ஃபைல் (பயனரின் திருத்தத்தை டிபிகேஜி கண்காணித்துக் காக்கும் ஃபைல்) ஆக்கிவிடும். அதே ஃபைலை உங்கள் போஸ்ட்இன்ஸ்ட் 'செட்' என்ற உரைத் திருத்தக் கருவி (மேலே வந்த 'செட் -ஈ' இல்லை, வேறு கட்டளை) மூலம் திருத்தினால், அடுத்த மேம்படுத்தலில் டிபிகேஜி கணக்கிடும் எம்டி5 ஒத்துப்போகாது. பேக்கேஜில் வரும் ஃபைலும் மாறியிருந்தால் கேள்வி வரும், பயனர் குழம்புவார், யாரும் பார்க்காத தானியங்கி மேம்படுத்தல் அங்கேயே நின்றுவிடும். ஒரு ஃபைல் கான்ஃபைலாக இருக்கட்டும், இல்லையேல் ஸ்கிரிப்ட் உருவாக்கட்டும்; இரண்டும் வேண்டாம். ஸ்கிரிப்ட் உருவாக்கினால், பயனரின் திருத்தத்தைக் கவனித்துக்கொள்ளும் யூசிஎஃப் கருவியைப் பயன்படுத்துங்கள்.

புதிய பதிப்பில் கைவிட்ட கான்ஃபைல் தானாகப் போகாது. டெபியன் டைரக்டரியில் அஞ்சல்டி.மெயின்ட்ஸ்கிரிப்ட் என்ற ஃபைலில் 'ஆர்எம்_கான்ஃபைல்', முழுப் பாதை, '~' சேர்த்த பதிப்பெண் என்று ஒரே வரி எழுதினால் போதும். பயனர் திருத்திய பிரதி இருந்தால் .டிபிகேஜி-பேக் என்ற பெயரில் காப்பாற்றப்படும்.

டைரக்டரியை சிம்லிங்காகவோ, சிம்லிங்கை டைரக்டரியாகவோ மாற்றும்போதும் இதே ஃபைல்தான், 'டிர்_டு_சிம்லிங்க்', 'சிம்லிங்க்_டு_டிர்' என்ற சொற்களோடு. டிபிகேஜி தானாக இந்த மாற்றத்தைச் செய்யாது. ஃபைல்கள் பழைய இடத்திலேயே போய் விழும்.

பர்ஜ் விழுகிறது, அல்லது அழிக்கக் கூடாததை அழிக்கிறது

பர்ஜ் என்பது கான்ஃபிக் ஃபைல்களையும் சேர்த்து முழுதாக நீக்குவது. அதில் 127 வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 'போஸ்ட்ஆர்எம் பர்ஜ்' ஓடும் நேரத்தில் உங்கள் டிபெண்ட்ஸ் எதுவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த சிஸ்டத்திலும் எப்போதும் இருக்க வேண்டிய எசென்ஷியல் பேக்கேஜ்கள் மட்டுமே உறுதி. டெல்யூசர், டெப்கான்ஃப், யூசிஎஃப் எல்லாவற்றையும் 'கமாண்ட் -வி' மூலமோ ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தோ பிறகு கூப்பிடுங்கள். சிஸ்டம் பயனரை அழிக்காமல் விடுவதே நல்லது. எங்கோ மிஞ்சிய ஃபைல்களை, அதே எண்ணைப் பெறும் அடுத்த பயனர் சொந்தமாக்கிக்கொள்வார்.

பெயர் மாறிய பேக்கேஜில் இருப்பது டேட்டாவையே இழக்கவைக்கும் ஆபத்து. பழைய 'அஞ்சல்' பேக்கேஜ் நீக்கப்பட்டு 'ஆர்சி' நிலையில் (பேக்கேஜ் போய், கான்ஃபிக் ஃபைல்கள் மட்டும் மிஞ்சிய நிலை) கிடக்கிறது. அதன் போஸ்ட்ஆர்எம் பர்ஜில் /வார்/லிப்/அஞ்சல் டைரக்டரியை 'ஆர்எம் -ஆர்எஃப்' செய்யும். புதிய 'அஞ்சல்டி' அதே டைரக்டரியில் டேட்டா வைத்திருக்கிறது. ஒரு நாள் நிர்வாகி 'ஆர்சி' நிலையில் உள்ளவற்றை மொத்தமாகப் பர்ஜ் செய்கிறார்; ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸின் டேட்டா போய்விடும். பெயர் மாற்றும்போது டேட்டாவைப் புதிய டைரக்டரிக்கு நகர்த்துவதே பாதுகாப்பு. பழைய பெயரில் ஒரு காலி இடைக்கால பேக்கேஜ் வெளியிட்டு, அதில் அழிக்கும் வரி இல்லாத போஸ்ட்ஆர்எம் வைப்பதும் உதவும். ஆனால் ஏற்கெனவே 'ஆர்சி' நிலையில் உள்ள மெஷின்களை அது எட்டாது.

ஆர்பிஎம்: மேம்படுத்திய பிறகு சர்வீஸ் முடங்கிக் கிடக்கிறது

டெபியனில் பழகியவர்கள் ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் வரும்போது வரிசையில் தவறுவார்கள். அங்கே புழங்கும் பேக்கேஜ் வகையான ஆர்பிஎம்மில் புதிய '%ப்ரீ', ஃபைல்கள், புதிய '%போஸ்ட்' எல்லாம் முடிந்த பிறகுதான் பழைய '%ப்ரீயுஎன்', பழைய ஃபைல் நீக்கம், பழைய '%போஸ்ட்யுஎன்' ஓடும். பழைய '%ப்ரீயுஎன்' நிபந்தனையில்லாமல் சர்வீஸை முடக்கினால், புதியது முடுக்கியதைப் பழையது அணைத்துவிட்டுப் போகும்.

$1 என்பது இங்கே சொல் இல்லை, எண்: அந்த வேலை முடிந்ததும் மிஞ்சும் பதிப்புகளின் எண்ணிக்கை. புது நிறுவலில் 1. மேம்படுத்தலில் புதிய ஸ்கிரிப்டுக்கு 2, பழையதற்கு 1. முழு நீக்கலில் 0. முடக்குவதும் அழிப்பதும் $1 சுழியாக இருக்கும்போது மட்டும். சர்வீஸ்களுக்கு '%சிஸ்டம்டி_ப்ரீயுஎன்' வகை மேக்ரோக்களே போதும்.

மேம்படுத்திய பிறகு 'ஆர்பிஎம் -க்யூ' ஒரே பேக்கேஜுக்கு இரண்டு பதிப்பு காட்டினால், பழையதன் '%ப்ரீயுஎன்' தோற்று நீக்கல் நின்றிருக்கிறது. 'ஆர்பிஎம் -க்யூ --ஸ்கிரிப்ட்ஸ்' மூலம் அதைப் படித்து, செய்ய வேண்டியதைக் கையால் செய்துவிட்டு, பழைய பதிப்பை மட்டும் '--நோப்ரீயுஎன்' சேர்த்து நீக்குங்கள். '%போஸ்ட்' தோற்றாலோ ஒரு எச்சரிக்கை மட்டுமே வரும்; பேக்கேஜ் நிறுவப்பட்டதாகவே கணக்கு. அதனால் தோல்வி லாகிலேயே புதைந்துபோகும்.

வெளியிடும் முன்

சுத்தமான ஒரு ச்ரூட்டிலோ (தனியே ஒரு டைரக்டரிக்குள் ஓடும் சிஸ்டம்) கன்டெய்னரிலோ இந்தப் பாதைகளை ஓட்டுங்கள்: புது நிறுவல்; வெளியான கடைசிப் பதிப்பிலிருந்து மேம்படுத்தல்; நீக்கி, பர்ஜ் செய்யாமல் மறுபடி நிறுவல்; நீக்கி, டிபெண்ட்ஸையும் நீக்கிய பிறகு பர்ஜ். மூன்றாவதை யாரும் சோதிப்பதில்லை. அதில் போஸ்ட்இன்ஸ்டுக்கு $2 காலியாக வராது, முன்பு அமைந்த பதிப்பெண்ணோடு வரும். ஆனால் கான்ஃபைல் அல்லாத ஃபைல்கள் இடையில் போயிருக்கும். டெபியனின் பியூபார்ட்ஸ் கருவி இவற்றில் பலவற்றைத் தானே ஓட்டி, பர்ஜுக்குப் பிறகு மிஞ்சிய ஃபைல்களைப் பட்டியலிடும். போஸ்ட்இன்ஸ்டின் நடுவில் வேண்டுமென்றே ஒரு 'ஃபால்ஸ்' வரி வைத்து ஒரு முறை விழவைத்து, வரியை எடுத்துவிட்டு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டிப் பாருங்கள். அதைத் தாண்டி நிமிர்ந்தால் அந்த ஸ்கிரிப்டை வெளியே அனுப்பலாம்.